பழைய பானட் கேபிள் வாங்கி ஏமாந்தேன், வாங்கப் போறவங்க ஒரு தடவை படிச்சிடுங்க

நேத்து சாயங்காலம்தான் வண்டி சரியாகி கைக்கு வந்துச்சு. கோவம் இன்னும் அடங்கல, ஆனா ஆறிப்போறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன், ஏன்னா இதே மாதிரி பழைய கேபிள இன்னும் எத்தனை பேர் போட்டோவ மட்டும் பாத்து வாங்கிட்டு இருக்காங்களோ. வித்தவர் பேரு இங்க போடல. எப்படி ஏமாத்துறாங்கன்னு தெரிஞ்சா போதும்.

எங்களுது பழைய கார். எஞ்சின் மேல இருக்குற மூடிதான் பானட், உள்ள இருக்குற லிவர இழுத்தா இந்த கேபிள் முன்னாடி இருக்குற லாக்க இழுத்து அத திறந்து விடும். பானட் திறக்குற லிவர் கொஞ்ச மாசமாவே கனமா இருந்துச்சு, ரெண்டு மூணு தடவ இழுத்தாதான் முன்னாடி 'டக்'னு சத்தம் வரும். மெக்கானிக் அண்ணன் பாத்துட்டு, லிவர் முனையில இழை பிரிய ஆரம்பிச்சிடுச்சு, கேபிள மாத்திடுங்கன்னாரு. புதுசு ஆர்டர் போட்டா வர நாளாகும்னு சொன்னதால, பழைய வண்டிகள பிரிச்சு ஸ்பேர் விக்கிற ஒருத்தர்கிட்ட ஆன்லைன்ல வாங்கிட்டேன். 'ஒரிஜினல், துரு கிடையாது, செக் பண்ணது'ன்னு போட்டிருந்தாரு. போட்டோவுல கேபிள் அழகா வளையமா சுத்தி இருந்துச்சு.

முதல்ல வந்த கேபிள் நீளம் பத்தல. ஸ்டீயரிங் அந்தப் பக்கம் இருக்குற மாடல்ல இருந்து எடுத்தது. ஒரே கார், ஒரே வருஷம்னாலும் ஸ்டீயரிங் இடதா வலதாங்கறத பொறுத்து லிவர் பக்கம் மாறிடும், கேபிள் போற வழியும் நீளமும் மாறலாம். இழுத்துப் பிடிச்சு மாட்டிடலாமான்னு கேட்டேன், அண்ணன் கண்டிப்பா வேணாம்னுட்டாரு. கேபிள்ல கொஞ்சமாவது தளர்வு இருக்கணுமாம், விறைப்பா நின்னா லாக்க எப்பவும் லேசா இழுத்துக்கிட்டே இருக்கும், பானட் முழுசா லாக் ஆகாது, ஓடுற வேகத்துல காத்து உள்ள பூந்து தூக்குனா, லாக் விட்டாலும் பானட்ட பிடிச்சு நிறுத்துற சேஃப்டி கொக்கி ஒண்ணுதான் மிச்சம். அதுவும் விட்டுடுச்சுன்னா பானட் கண்ணாடி மேல வந்து அடிக்கும், முன்னாடி ரோடே தெரியாது.

வித்தவருக்கு போன் பண்ணேன். மன்னிப்பு கேட்டு வேற கேபிள் உடனே அனுப்பிட்டாரு. அங்கதான் நான் நம்பிட்டேன்.

ரெண்டாவது கேபிள் நீளம் சரியா இருந்துச்சு. முனை ரெண்டுலயும் கிரீஸ் அப்பி இருந்துச்சு. பராமரிச்ச வண்டியில இருந்து எடுத்திருப்பாங்க போலன்னு நினைச்சேன், அண்ணனும் அப்படித்தான் நினைச்சாரு. மாட்டுறது லேசான வேலை இல்லைங்க. பழைய கேபிள் முனையில ஒரு கயிறக் கட்டி அத உருவி எடுத்து, அப்புறம் அதே கயித்துல இத கட்டி இழுத்து, எஞ்சினுக்கும் உள் பக்கத்துக்கும் நடுவுல இருக்குற தகடு வழியா ரப்பர் புஷ்ஷோட நுழைச்சு, கிளிப் எல்லாம் மாட்டி முடிக்க பாதி நாள் போயிடுச்சு. முன்னாடி லாக்கையும் சுத்தம் பண்ணி எண்ணெய் விட்டாரு. லிவர் வெண்ணெய் மாதிரி வந்துச்சு, எனக்கு ரொம்ப சந்தோஷம்.

மூணே வாரம். கூலன்ட் பாக்கலாம்னு லிவர இழுக்குறேன், கையோட வந்துடுச்சு. எதிர்ப்பே இல்ல, தொளதொளன்னு ஆடுது. பானட் மூடியே இருக்கு. உள்ள பேட்டரி, கூலன்ட், எஞ்சின் ஆயில் எதையும் பாக்க முடியாது, வழியில சூடு ஏறுனா நிறுத்திட்டு நிக்கிறத தவிர ஒண்ணும் பண்ண முடியாது. வீட்ல வயசானவங்கள ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போற வண்டி இது, அதனாலதான் எனக்கு இவ்ளோ வயித்தெரிச்சல்.

அண்ணன் வந்து லிவர கழட்டி, உள்ள இருக்குற இன்னர் கம்பிய கட்டிங் பிளேயர்ல பிடிச்சு இழுத்துப் பாத்தாரு. லிவர் பக்கம் அறுந்திருந்தா இப்படி இழுத்தாலே பெரும்பாலும் திறந்துடும். எங்களுக்கு கம்பி முழுசா உருவிக்கிட்டு வந்துடுச்சு, அப்படின்னா போனது லாக் பக்கம். அதுக்கப்புறம் வண்டிய தூக்கி ஸ்டாண்டு வச்சு, அடியில இருக்குற பிளாஸ்டிக் கவர கழட்டி, கீழ இருந்து நீள ஸ்க்ரூட்ரைவர விட்டு தடவித் தடவி அந்த லாக் நாக்க தள்ளி திறக்குறதுக்குள்ள கிரில்லோட ரெண்டு காது உடைஞ்சு போச்சு. அந்தச் செலவும் என் தலையில.

திறந்து பாத்தாதான் விஷயமே தெரிஞ்சுது. கம்பி முனையில லாக்குல மாட்டுற குண்டு இருக்கும்ல, அது கம்பெனி குண்டே இல்ல. பழைய குண்டு எப்பவோ பிச்சுக்கிட்டு போயிருக்கு, யாரோ ஈயத்த வச்சு புதுசா ஒண்ண பத்த வச்சு, அது தெரியாம இருக்க மேல கிரீஸ அப்பி விட்டிருக்காங்க. ஸ்டீல் கம்பிய சரியா சுத்தம் பண்ணாம பத்த வச்சா ஈயம் ஒழுங்கா ஒட்டாது, அரைகுறையா ஒட்டுனது இழுக்குற இழுப்புக்கு நிக்காது. கிரீஸ மண்ணெண்ணெயில கழுவுனப்போ பக்கத்துலயே நாலஞ்சு இழை அறுந்து மடங்கி நிக்கிது, உருவி வந்த கம்பியில நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு செம்பழுப்பா துரு. தேய்மானம்னா விட்டுடலாம், இது தெரிஞ்சே மறைச்ச வேலை.

வித்தவர் இந்த தடவ போன எடுக்கவே ரெண்டு நாள் ஆச்சு. மாட்டுன சாமான திரும்ப எடுக்க மாட்டோம்னாரு. அப்புறம் உங்க லாக் இறுகிப் போயிருக்கும், அதான் கேபிள இழுத்து அறுத்துடுச்சுன்னாரு. காஞ்சு போன லாக் கேபிள கொல்லும்ங்கறது உண்மைதான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா எங்க லாக்குக்கு அன்னைக்குதான் எண்ணெய் விட்டது, அதோட லாக் இறுகுனா குண்டு ஈயமா மாறிடுமா? போட்டோ அனுப்புனேன், பதிலே இல்ல.

என்னைக் கேட்டா இந்த சாமான பழசா வாங்கவே வாங்காதீங்க. கண்ணாடி, கதவுக் கைப்பிடி எல்லாம் பழசு வாங்கலாம், கண்ணுக்கு தெரியும். கேபிள் அப்படி இல்ல, சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி இன்னர் கம்பி, அவுட்டர்ங்கற மேல் உறைக்குள்ள மறைஞ்சு கிடக்கு, கெடுறது எல்லாம் உள்ள. புதுசு எங்கயும் கிடைக்காத பழைய மாடலா இருந்து வேற வழியே இல்லன்னா, நேர்ல போய் வாங்குங்க, கிரீஸ துடைச்சுட்டு ரெண்டு முனையையும் வெளிச்சத்துல பாருங்க, கம்பிய முன்னும் பின்னும் இழுங்க, வண்டியில எந்த இடத்துல வளையுமோ அதே மாதிரி வளைச்சு வச்சும் இழுங்க, நேரா இருக்கும்போது வழுக்கிட்டு வர்றது வளைச்சா பிடிக்கும். அவுட்டர்ல வெடிப்பு இருந்தா அது வழியா தண்ணி போயிருக்கும். கழட்ட சோம்பல்பட்டு அவுட்டர வெட்டி எடுத்திருக்காங்களான்னும், ரப்பர் புஷ் முழுசா இருக்கான்னும் பாருங்க.

புதுசோ பழசோ, மாட்டுனதும் பானட்ட சாத்திடாதீங்க. திறந்து இருக்கும்போதே ஸ்க்ரூட்ரைவரால லாக்க அழுத்தி மூடுன நிலைக்கு கொண்டு வந்துட்டு, உள்ள ஒருத்தர லிவர இழுக்கச் சொல்லுங்க, பத்து தடவையாவது. எங்க வீட்டு வண்டிக்கு நேத்து புது கேபிள் போட்டுட்டு அண்ணன் இப்படித்தான் செஞ்சு காட்டுனாரு, பழச மாட்டுன அன்னைக்கு நாங்க ஒரே ஒரு தடவ இழுத்துப் பாத்துட்டு சாத்திட்டோம். படிக்கிறவங்கள்ல யாருக்காவது லிவர் இப்பவே கனமா இருக்கு, திறக்க ரெண்டு தடவ இழுக்க வேண்டியிருக்குன்னா, அடுத்த தடவ திறந்ததும் லாக்குக்கு எண்ணெய் விடாம, கேபிள் முனைய பாக்காம மூடாதீங்க.