ஐயெல்ட்ஸா, பி.டி.இ.யா, டோஃபலா? உங்களுக்கு மார்க் எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள்

வெளிநாட்டுக் கல்லூரிக்கு ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “எது ஈஸி?” பக்கத்து வீட்டுப் பையன் பி.டி.இ.யில் ஒரே தடவையில் தேறிவிட்டான், நமக்கும் அதுதான் சரி என்று பணம் கட்டுகிறவர்கள் நிறைய. அந்தப் பையனுக்குக் காது கூர்மையாக இருந்திருக்கும். நமக்குக் கை வேகமாக இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: நம்மிடம் இருக்கிற குறையை எந்தத் தேர்வு பெரிதாகத் தண்டிக்கிறது?

அதற்கும் முன்னால் கல்லூரியின் அட்மிஷன் பக்கத்தைத் திறந்து, எந்தெந்தத் தேர்வை ஏற்கிறார்கள், மொத்தத்தோடு ஒவ்வொரு பிரிவிலும் தனியாக எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். கல்லூரி ஏற்பது ஒன்று, விசா அலுவலகம் ஏற்பது இன்னொன்று. வீட்டிலிருந்தே கணினியில் எழுதும் டுவோலிங்கோ தேர்வைப் பல அமெரிக்கக் கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன. ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு அது செல்லாது, வீட்டிலிருந்து எழுதும் எந்தத் தேர்வும் அங்கே செல்லாது. பிரிட்டனில் நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்கிறவர்களின் ஆங்கிலத்தைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தாங்களே மதிப்பிடலாம். பட்டப்படிப்புக்கு முந்தைய ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் ‘யு.கே.வி.ஐ.’ (பிரிட்டன் விசா துறை) என்று தனியாகப் பதிவு செய்யும் ஐயெல்ட்ஸ், பி.டி.இ. போன்ற ஒரு தேர்வை எழுத வேண்டும். வினாத்தாள் அதேதான், பதிவுதான் வேறு. சாதாரண ஐயெல்ட்ஸ் எழுதி 9-க்கு 7 வாங்கிவிட்டு, மறுபடி முழுக் கட்டணம் கட்டுகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

செலவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஐயெல்ட்ஸ், பி.டி.இ., டோஃபல் மூன்றும் ஏறத்தாழ ஒரே விலை. டுவோலிங்கோ அதில் பாதிக்கும் கீழ். டோஃபல், பி.டி.இ., ஐயெல்ட்ஸ் மூன்றின் மதிப்பெண்ணும் 2 ஆண்டு செல்லும்.

மனிதர் காதா, இயந்திரக் காதா

ஐயெல்ட்ஸில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். எதிரே ஒரு தேர்வாளர், நேரிலோ வீடியோவிலோ. முதலில் ஊர், படிப்பு என்று சில்லறைக் கேள்விகள். அடுத்து தலைப்பு எழுதிய ஒரு அட்டை, 1 நிமிடம் யோசித்து 2 நிமிடம் வரை பேச வேண்டும். கடைசியில் அதே தலைப்பில் விவாதம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம எடை. உச்சரிப்பு கால் பங்குதான் என்பதைக் கவனியுங்கள். தமிழ் வாடை அடித்தால் மார்க் குறையாது. சொல்வது புரியாமல் போனால்தான் குறையும். கேள்வி புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்கலாம். தடுமாறிவிட்டுத் திருத்திக்கொண்டால் கேட்கிறவர் அதைத் திருத்தமாகவே எடுத்துக்கொள்வார்.

பி.டி.இ.யில் பேசுவது மைக்கிடம். 3 விநாடி வாய் மூடியிருந்தால் பதிவு நின்றுவிடும், அந்தக் கேள்வி அத்தோடு போச்சு. ‘ஆ… அது வந்து…’ என்று இழுக்கிறவர்களுக்கு இது பொறி. மேடைப் பயம் உள்ளவர்களுக்கோ இது வரம்; எதிரே முகம் கிடையாது. இயந்திரம் பார்ப்பது ஓட்டத்தை. ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டால் நின்று திருத்தாமல் அப்படியே போய்விடுவது நல்லது. ஐயெல்ட்ஸுக்குப் பழகியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து மார்க்கை விடுகிறார்கள்.

மைக்கின் முன்னால் தமிழ் நாக்குக்கு மூன்று இடங்களில் சறுக்கல். சொல் முடிவில் உகரம் சேர்ப்பது: பஸ் என்பது பஸ்ஸு, டெஸ்ட் என்பது டெஸ்ட்டு. ஸகரத்தில் தொடங்கும் கூட்டெழுத்துக்கு முன் இகரம் சேர்ப்பது: ஸ்கூல் என்பது இஸ்கூல். ஃப வர வேண்டிய இடத்தில் ப. இவற்றோடு, எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் தட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தி வாசிப்பு ஒன்றை எடுத்து, அரை நிமிடத் துண்டாக நிறுத்தி நிறுத்தி, அதே வேகத்தில் கூடவே சொல்லிப் பதிவு செய்து கேட்டால் இவை காதில் விழும். தினம் 20 நிமிடம், 4 வாரம் செய்தால் உகரம் உதிர்ந்துவிடும். அழுத்தம் சரியாக இன்னும் நாளாகும்.

இன்னொரு சங்கடம் அறை. பி.டி.இ. அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். மைக்கை மூக்குக்கு நேராக வைத்தால் மூச்சுக் காற்று விழும். வாயின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி வையுங்கள். வீட்டில் டி.வி.யை ஓடவிட்டுப் பயிற்சி செய்தவர்கள் அங்கே பதறுவதில்லை.

பி.டி.இ.க்கென்று மனப்பாட வாக்கியங்கள் விற்கிறார்கள்: எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற வர்ணனை, எந்தத் தலைப்புக்கும் ஒட்டுகிற கட்டுரை. இப்போது நாமே பேசியும் எழுதியும் தரும் விடைகள் சிலவற்றின் உள்ளடக்கத்தை மனிதர்களும் பார்க்கிறார்கள். படத்தில் உள்ள எண்ணையோ பெயரையோ தொடாத வர்ணனைக்கு உள்ளடக்க மார்க் பூஜ்யமானால், சரளத்துக்கும் உச்சரிப்புக்கும் சேர்த்துப் பூஜ்யம். அந்த நோட்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு வாக்கியத்தில் மூன்று மார்க்

பி.டி.இ.யின் கேட்டல் பகுதி முடிவில், ஒரு வாக்கியத்தை ஒரே தடவை ஒலிக்கவிட்டு அப்படியே எழுதச் சொல்வார்கள். எழுத்துப்பிழை இல்லாத ஒவ்வொரு சொல்லுக்கும் மார்க். “தி ஸ்டூடண்ட்ஸ் வேர் ஆஸ்க்ட் டு சப்மிட் தேர் அசைன்மென்ட்ஸ் பிஃபோர் ஃப்ரைடே.” பத்துச் சொல். நம் ஆட்கள் எழுதுவது: ஸ்டூடண்ட், ஆஸ்க், அசைன்மென்ட். பொருள் முழுக்கப் புரிந்தும் பத்தில் மூன்று காலி. ‘நாலு மாடு’, ‘பத்து ரூபாய்’ என்று பன்மை விகுதி இல்லாமலே பேசிப் பழகிய காது, சொல் முடிவில் வரும் ஸகரத்தைத் தேடுவதில்லை. ‘ஆஸ்க்ட் டு’வில் வரும் இரண்டு டகரமும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகக் கேட்கும். அதனால் கேட்டதை எழுதி முடித்த பிறகு இலக்கணத்தை வைத்து ஒரு முறை சரிபார்க்க வேண்டும்: ‘வேர்’ வந்தால் முன்னால் பன்மை இருந்தாக வேண்டும், இங்கே பின்னால் வரும் வினை ‘ஆஸ்க்ட்’ என்று இறந்தகால எச்சமாக இருக்க வேண்டும். காது விட்டதை இலக்கணம் பிடித்துக் கொடுக்கும்.

இந்தக் கேள்வி கேட்டலுக்கும் எழுத்துக்கும் சேர்த்து மார்க் தருவது. ஆனால் வருவது கடைசியில். கேட்டல் பகுதியில் முதல் கேள்வி வகைக்குத் தனி நேரம். மீதி எல்லாம் பொது நேரம். பல விடை கொண்ட கேள்விகளில் 2 நிமிடம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் இங்கே வரும்போது நேரம் இருக்காது. அந்தப் பல விடைக் கேள்வியில் தப்புக்குக் கழிவும் உண்டு. உறுதியான ஒன்றை மட்டும் குறித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

நீண்ட பத்தியைச் சுருக்கும் கேள்வியில் விடை ஒரே வாக்கியமாக, 75 சொல்லுக்குள் இருக்க வேண்டும். நடுவில் முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக்கினால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் முழுக் கேள்விக்கும் பூஜ்யம்.

ஐயெல்ட்ஸ் காதைச் சோதிப்பது வேறு விதம். 40 கேள்வி, 4 பகுதி, ஒரே தடவை ஒலி. பேசுகிறவர் செவ்வாய் என்பார், அடுத்த மூச்சில் ‘இல்லை, வியாழன்’ என்பார். ‘இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது’ என்று இருந்தால் மூன்றாவது சொல் விடையையே கொன்றுவிடும். 40-க்கு 30 வந்தால் பெரும்பாலும் 7.

வாசிப்பில் ஒரு கூற்று சரியா, தவறா, ‘நாட் கிவன்’ (பத்தியில் சொல்லவில்லை) ஆ என்று குறிக்க வேண்டும்; நம்மவர்களைக் கவிழ்ப்பது இந்த ‘நாட் கிவன்’. பத்தி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: “1930-களில் இந்த மலையில் தேயிலை பயிரிடத் தொடங்கினார்கள், பத்தே ஆண்டில் காப்பித் தோட்டங்கள் பாதியாகக் குறைந்தன.” கூற்று: தேயிலையில் லாபம் அதிகம் என்பதால் காப்பியைக் கைவிட்டார்கள். நிறையப் பேர் ‘சரி’ என்று குறிப்பார்கள், ஊர் அனுபவம் அப்படிச் சொல்கிறது. காரணத்தைப் பத்தி சொல்லவே இல்லை. விடை ‘நாட் கிவன்’. ‘காப்பித் தோட்டங்கள் பெருகின’ என்றிருந்தால்தான் ‘தவறு’. பத்தியில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்பதே சோதனை.

எழுத்தும் அரைப் புள்ளியும்

ஐயெல்ட்ஸில் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் எழுத்தில். 60 நிமிடத்தில் இரண்டு வேலை: வரைபடத்தை விவரித்துக் குறைந்தது 150 சொல், கட்டுரை குறைந்தது 250 சொல். கட்டுரைக்கு இரண்டு மடங்கு எடை. எனவே 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரியுங்கள். வரைபடத்தில் எல்லா எண்ணையும் வரிசையாகக் கொட்டிவிட்டு, ‘மொத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது’ என்ற இரண்டு வரியை விட்டுவிட்டால் கேட்ட வேலையைச் செய்தோமா என்று பார்க்கும் அளவுகோலில் 5-ஐத் தாண்டுவது கஷ்டம். வரைபடத்துக்குச் சொந்தக் கருத்து வேண்டாம். கேள்வியைப் பெயர்த்து எழுதிய சொற்கள் எண்ணிக்கையில் சேராது.

சராசரிக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். கேட்டல் 6.5, வாசிப்பு 6.5, எழுத்து 5.5, பேச்சு 6. கூட்டினால் 24.5, நாலால் வகுத்தால் 6.125, கிடைப்பது 6. எழுத்து மட்டும் 6 ஆனால் 6.25, அது 6.5 ஆக உயர்த்தப்படும். அரைப் புள்ளியில் கல்லூரியே மாறிவிடுகிறது. இன்னொன்று: 8, 7.5, 5.5, 7. மொத்தம் 7, ஆனால் ‘எதிலும் 6-க்குக் குறையக் கூடாது’ என்ற நிபந்தனையில் அடிபடும். கணினியில் எழுதியவர்கள் 60 நாளுக்குள் ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதலாம். இந்த வசதிக்காகவே கணினித் தேர்வை எடுப்பது புத்திசாலித்தனம். அந்த மறுதேர்வு மதிப்பெண்ணைக் கல்லூரி ஏற்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பி.டி.இ. கட்டுரை 20 நிமிடம், 200 முதல் 300 சொல். சொல் எண்ணிக்கைக்கும் எழுத்துப்பிழை இல்லாமைக்கும் இங்கே தனியாக மார்க் உண்டு. எழுத்தில் 5.5-லேயே மூன்று தடவை நின்றுவிட்டவர் பி.டி.இ. பக்கம் திரும்புவதில் நியாயம் இருக்கிறது. பேச்சில் அடிக்கடி நிற்கிறவர் திரும்ப வேண்டாம். 6.5-க்கு இணையாகக் கல்லூரிகள் பி.டி.இ.யில் 90-க்கு 58 முதல் 62 வரை கேட்பது வழக்கம்.

டோஃபல்: பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள்

2026 ஜனவரி 21 முதல் டோஃபல் ஆளே மாறிவிட்டது. 120-க்குப் பதில் 1 முதல் 6 வரை, அரைப் படியாக. மாறும் காலத்தில் பழைய 120 கணக்கும் சேர்த்துத் தருகிறார்கள். வாசிப்பும் கேட்டலும் உங்கள் விடைக்கு ஏற்ப எளிதாகவோ கடினமாகவோ மாறும். விரிவுரை கேட்டு 20 நிமிடம் எழுதும் பழைய கேள்வி போய்விட்டது. இப்போது எழுத்தில் கலைந்த சொற்களை வாக்கியமாக்குவது, 7 நிமிடத்தில் ஒரு மின்னஞ்சல், 10 நிமிடத்தில் வகுப்பு விவாதப் பதில். பேச்சில் கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது, பிறகு தயாராக நேரமே தராத நேர்காணல் கேள்விகள். வாசிப்பில் பாதி எழுத்து மறைந்த சொற்களை முடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டல் பலவீனமாக இருந்தால் அங்கே தடுக்கும்.

புத்தகக் கடையில் தள்ளுபடியில் கிடைக்கும் தடித்த வழிகாட்டிகள் எல்லாம் பழைய வடிவத்துக்கானவை. தட்டச்சு வேகமும் நல்ல இலக்கணமும் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவருக்கு இந்தப் புதிய டோஃபல் பொருந்தும். இரண்டு விரலால் தட்டுகிறவர் முதலில் நிமிடத்துக்கு 25 சொல் வரும் வரை தட்டிப் பழகட்டும், பி.டி.இ.க்கும் அதே அறிவுரைதான்.

டுவோலிங்கோ ஒரு மணி நேர வேலை, வீட்டு மேஜையில், 10 முதல் 160 வரை மதிப்பெண், 2 நாளில் முடிவு. அங்கே ஆபத்து மொழி அல்ல, கண். திரையை விட்டுப் பார்வை போனாலோ, அறைக்குள் யாராவது எட்டிப் பார்த்தாலோ, காதில் எதையாவது மாட்டியிருந்தாலோ சான்று கிடைக்காமல் போகலாம்.

முடிவு எடுக்க ஒரு மாலை போதும். வீட்டில் யாரையாவது 10 ஆங்கில வாக்கியங்களை, ஒவ்வொன்றும் 10 சொல், ஒரே ஒரு தடவை வாசிக்கச் சொல்லி எழுதுங்கள். 100 சொல்லில் விட்டது 15-க்குள் என்றால் பி.டி.இ. பக்கம் போகலாம். 30-ஐத் தாண்டினால் ஐயெல்ட்ஸ். அடுத்து, பழகாத ஒரு தலைப்பில் 2 நிமிடம் பேசிப் பதிவு செய்து, 3 விநாடி மௌனம் எத்தனை இடத்தில் என்று எண்ணுங்கள். பிறகு 40 நிமிடத்தில் 250 சொல் கட்டுரை ஒன்றை எழுதி, ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் சிவப்புப் பேனாவோடு கொடுங்கள். தாளைத் திரும்ப வாங்கிய பிறகு பதிவுக் கட்டணத்தைக் கட்டலாம்.