குமிழிக் கலனுக்கு எந்த மாடல்? வி.ஓ.எஃப்., ஆய்லர்–லாக்ராஞ்ச், ஆய்லர்–ஆய்லர்

ஒரு சோதனைக் கலனை எடுத்துக்கொள்வோம். விட்டம் 40 செ.மீ., நீர் 2 மீட்டர், அடியில் ஸ்பார்ஜர் (துளைகள் வழியே காற்றைக் குமிழியாக விடும் கருவி), நிமிடத்துக்கு 150 லிட்டர் காற்று. கலனின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் காற்றின் வேகம் நொடிக்கு 2 செ.மீ. குமிழி சராசரியாக 5 மி.மீ. கஞ்சிக்கோட்டிலோ வாளையாற்றிலோ ஒரு ஆலை, கழிவுநீருக்குக் காற்றூட்டும் பெரிய தொட்டியைக் கட்டுமுன் சின்னதாக வைத்துப் பார்க்கிற அளவுதான் இது. இதற்குள் நீரும் காற்றும் ஓடுவதைக் கணினியில் கணக்கிட, தலைப்பிலுள்ள மூன்றில் எந்த மாடலில் ஓட்டுவது?

வி.ஓ.எஃப். (வால்யூம் ஆஃப் ஃபுளூயிட்) முறையை 1981இல் ஹிர்ட், நிக்கல்ஸ் இருவரும் வெளியிட்டார்கள். நீரும் காற்றும் தொடும் எல்லையையே இது பின்தொடரும். படம் பார்க்க அழகாக இருக்கும், அதனாலேயே பலர் இதில் விழுகிறார்கள். கணக்குக்காகக் கலனைச் சின்னப் பெட்டிகளாகப் பிரிப்போம்; ஒரு பெட்டி ஒரு செல், எல்லாம் சேர்ந்த வலை மெஷ். ஒரு குமிழியின் குறுக்கே 16 செல்லாவது வேண்டும் என்று வையுங்கள். 5 மி.மீ. குமிழிக்குச் செல் அளவு 0.31 மி.மீ. முழுக் கலனுக்கும் 800 கோடி செல்லைத் தாண்டிவிடும். மெஷ்ஷைப் பெரிதாக்கி ஓட்டினால் குமிழிகள் கரைந்து காணாமல் போகும், அல்லது மெஷ் அளவுக்கே ஒட்டிப் பெருக்கும். அந்த விடையை வைத்து எதையும் வாங்காதீர்கள். ஸ்பார்ஜரின் ஒற்றைத் துளை மட்டும்தான் கேள்வி என்றால் வி.ஓ.எஃப்.தான் சரி. 3 × 3 × 5 செ.மீ. பெட்டிக்கு ஏறக்குறைய 15 லட்சம் செல் போதும். பரப்பு இழுவிசைக்காக நேரப்படி (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) 0.0002 நொடிக்குக் கீழே இருக்கட்டும். துளை விளிம்பின் ஈரக் கோணத்தை (நீர்ப்பரப்பு விளிம்பைத் தொடும் கோணம்) தப்பாகக் கொடுத்தால் குமிழி பிரிகிற அளவே மாறிவிடும்.

ஆய்லர்–லாக்ராஞ்ச் முறை ஒவ்வொரு குமிழியையும் புள்ளியாகக் கொண்டு துரத்தும். நம் கலனில் காற்று 8 சதவீதம் என்றால் சுமார் 3 லட்சம் குமிழி. துரத்த முடியாத எண்ணிக்கை இல்லை. ஆனால் குமிழி செல்லைவிடச் சிறியதாக இருந்தாக வேண்டும். குமிழிகள் மோதுவதும் ஒன்றுசேர்வதும் தனிக் கணக்கு. சிதறிய பொருளின் கன அளவு 10–12 சதவீதத்தைத் தாண்டினால் எளிய வடிவம் நம்பத்தக்கதல்ல. இது ஜொலிக்கும் இடம் வேறு: பாலக்காட்டு அரிசி ஆலைகளில் காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் சைக்ளோன். கன மீட்டருக்கு 50 கிராம் தூசி என்றால் கன அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அங்கே ஓட்டத்தின் கொந்தளிப்பைக் கணக்கிட, வழக்கமான கே–எப்சிலான் மாடலை விட்டுவிட்டு ரெனால்ட்ஸ் ஸ்ட்ரெஸ் மாடல் எடுங்கள். கே–எப்சிலான் சுழற்சியை மழுங்கடித்துவிடும்.

நம் கலனுக்கு ஆய்லர்–ஆய்லர்தான். இரண்டு பாய்மங்களும் ஒரே இடத்தில் ஊடுருவி இருப்பதாகக் கொண்டு, அவற்றுக்கிடையிலான விசைகளைச் சூத்திரத்தால் கொடுக்கும் முறை. செல் குமிழியைவிடப் பெரியதாக, 7.5 மி.மீ. வைத்தால் 6 லட்சம் செல். 16 கோர் கணினி ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடும். மெஷ்ஷைக் குமிழியைவிடச் சிறிதாக்கினால் விடை மேம்படாது, ஆட்டம் காணும். இரு பரிமாணத்தில் ஓட்ட வேண்டாம். குமிழித் தூண் ஆடுவது அதில் வராது. நிலையான ஓட்டமாகவும் தீர்க்க வேண்டாம். நேரப்படி 0.005 நொடி, மொத்தம் 2 நிமிடம், முதல் 40 நொடியைத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி. மின்வெட்டுக்குப் பயந்து 5 நொடிக்கு ஒருமுறை சேமிக்கச் சொல்லிவையுங்கள்.

இந்த முறையின் பலவீனம் டிராக் சூத்திரம், அதாவது குமிழி ஏறும்போது நீர் தரும் தடையைக் கணக்கிடும் சூத்திரம். பல மென்பொருள்களில் முதலில் கண்ணில் படுவது ஷில்லர்–நௌமன். அது உருண்டையான துகளுக்கு எழுதியது. 5 மி.மீ. காற்றுக் குமிழி நீரில் தட்டையாகி நெளிந்து ஏறும். ஷில்லர்–நௌமன் போட்டால் ஏறும் வேகம் நொடிக்கு 38 செ.மீ. என்று வரும், உருமாறிய குமிழியையும் கணக்கில் கொள்ளும் இஷி–ஸூபர் போட்டால் 23. காற்றின் 2 செ.மீ. வேகத்தை இந்த ஏறும் வேகத்தால் வகுக்கும் கைக்கணக்கில் காற்றுப் பங்கு முதலாவதில் 5 சதவீதம், இரண்டாவதில் 8.7. இந்த வித்தியாசத்தை ஒரு டேப்பாலேயே பிடித்துவிடலாம். காற்று ஓடும்போது நீர்மட்டத்தைக் குறியுங்கள், வால்வை மூடுங்கள், இறங்கிய அளவைப் பாருங்கள். 11 செ.மீ. இறங்கினால் ஒரு கதை, 19 செ.மீ. இறங்கினால் இன்னொரு கதை. இந்த அளவீடு இல்லாமல் முழுத் தொட்டிக்கான ரன்னைத் தொடங்கவே கூடாது.

குமிழி அளவையும் ஊகிக்காதீர்கள். டோமியாமா சூத்திரப்படி காற்று–நீரில் லிஃப்ட் விசையின் (குமிழியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை) திசை 5.8 மி.மீ. அருகே திரும்புகிறது: சிறியவை சுவரை நோக்கியும் பெரியவை நடுவை நோக்கியும் போகும். ஆக, 5 என்று போடுவதா 6 என்று போடுவதா என்பது சில்லறை விஷயம் இல்லை. உருளைக் கலனைச் சுற்றிச் சதுர அக்ரிலிக் பெட்டி பொருத்தி, இடையே நீர் நிரப்பிப் படம் எடுத்தால் வளைவினால் வரும் உருச்சிதைவு பெரிதும் குறையும். சுத்த நீரை வைத்து அளக்காமல், உண்மைக் கழிவுநீரிலேயே அளவெடுங்கள். துளி சோப்பு கலந்திருந்தாலும் ஒன்றிரண்டு மி.மீ. குமிழி ஏறும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மென்பொருளின் நீர் வழக்கமாக 20 டிகிரி நீர். கோடையில் பாலக்காட்டுத் தொட்டி 32 டிகிரியில் நிற்பது சாதாரணம். பிசுபிசுப்பு கால் பங்கு குறையும். ஆக்சிஜன் நிறைவளவு லிட்டருக்கு 9.1 மி.கிராமிலிருந்து 7.3க்கு இறங்கும். தொட்டியில் 2 மி.கிராம் வைத்திருக்க வேண்டுமென்றால் உந்துவிசை (நிறைவளவுக்கும் தொட்டியில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்) 7.1லிருந்து 5.3 ஆகிறது. ஆனால் வெப்பம் கூடும்போது ஆக்சிஜன் நீரில் கரையும் வேகத்தைச் சொல்லும் பரிமாற்றக் குணகமும் டிகிரிக்கு 1.024 மடங்கு உயர்வதால், 12 டிகிரிக்கு மூன்றில் ஒரு பங்கு கூடும். இரண்டையும் மாற்றினால் ஏறத்தாழ ஈடாகிவிடும். ஒன்றை மட்டும் மாற்றினால் காற்றை ஊதும் புளோயர் கால் பங்குக்கு மேல் தப்பாகத் தேர்வாகும்.