பூட்டின் நுட்பமும் சாவியின் ரகசியமும்

பூட்டுகளின் பலவீனங்களை எவரும் படிக்கும்படி இணையத்தில் எழுதலாமா, தொழிலில் இருப்பவர்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற விவாதம் இணையத்தைவிட மிகப் பழையது. 1851இல் லண்டன் ஹைடு பார்க்கில் நடந்த பெரும் பொருட்காட்சியின்போது, அமெரிக்கப் பூட்டு வல்லுநரான ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், திறக்கவே முடியாது என்று பெயரெடுத்திருந்த சப் நிறுவனத்தின் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் சுமார் 25 நிமிடங்களில் திறந்தார். திறப்பவருக்கு 200 கினி (பழைய பிரிட்டிஷ் பண அளவு) பரிசு என்ற அறிவிப்போடு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் லண்டன் பிக்காடில்லித் தெருவில் கடையின் சன்னலில் இருந்த பிராமா நிறுவனத்தின் பூட்டையும், 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் முயன்று திறந்துவிட்டார். இவற்றை வெளியே சொல்வது திருடனுக்குப் பாடம் நடத்துவது ஆகாதா என்று கேட்டவர்களுக்கு, 1853இல் அவர் பெயரில் வந்த நூல் விடை சொன்னது: திருடர்கள் தம் தொழிலில் கெட்டிக்காரர்கள், நாம் கற்றுத்தரக்கூடியதைவிட அதிகமாகவே அறிந்தவர்கள், அறியாமல் இருப்பவர் காசு கொடுத்துப் பூட்டு வாங்குபவர்தான்.

எனினும், கட்டுப்பாடு வேண்டும் என்போரின் வாதத்தைத் தொழில் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கணினி மென்பொருளில் ஓட்டை கண்டால் ஒரே இரவில் எல்லாருக்கும் திருத்தம் அனுப்பிவிடலாம். கதவில் பதித்த பூட்டை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் மாற்ற வேண்டும், அதுவும் பெரும்பாலும் வீட்டுக்காரரின் செலவில். அதுவரை எழுதியவரின் கட்டுரை கையில் கருவியோடு இருப்பவனுக்கே முதலில் பயன்படும் என்ற அச்சம் நியாயமானது. ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் உதவியாளாக இருந்து கற்ற வித்தையில், யாருக்குச் சொல்லித்தரலாம் என்று ஆளைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கமும் ஒரு பாதுகாப்பாகவே இருந்தது.

அந்த வழக்கம் யாரை இருட்டில் வைத்தது என்பது 2003இல் தெரியவந்தது. அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மேட் பிளேஸ், ஒரே மாஸ்டர் சாவிக்கு எல்லா அறைகளும் திறக்கும்படி அமைந்த கட்டடங்களில், ஏதோ ஓர் அறையின் சாதாரணச் சாவியையும் இன்னும் வெட்டப்படாத சில வெற்றுச் சாவிகளையும் வைத்துக்கொண்டு அந்த மாஸ்டர் சாவியையே வடித்துவிடலாம் என்று விளக்கி எழுதினார். பூட்டுத் தொழிலாளர் பலர் கொதித்தனர். அவர்களுடைய கோபத்தில் இருந்த சங்கடமான செய்தி, இது தொழிலுக்குள் வெகுகாலமாகவே தெரிந்த விஷயம் என்பதுதான். அலுவலகங்களுக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் அத்தகைய பூட்டுகளை நம்பிப் பொருத்தியவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கிரிப்டோனைட் நிறுவனத்தின் சைக்கிள் பூட்டுகள் இன்னும் தெளிவான சான்று. வட்டத் துளை கொண்ட அந்த வகைப் பூட்டின் குறையை 1992இலேயே ஒரு பிரிட்டிஷ் சைக்கிள் பத்திரிகை எழுதியது. சிறு வட்டத்துக்குள் நின்ற அந்தச் செய்தியால் பூட்டு மாறவில்லை. 2004இல், சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் உடலால் அதைத் திறக்கும் படக்காட்சி இணையத்தில் பரவியதும், சில நாட்களிலேயே நிறுவனம் பழையவற்றை இலவசமாக மாற்றித்தருவதாக அறிவிக்க நேர்ந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு மௌனம் என்ன நன்மை செய்தது என்று அதன் ஆதரவாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே என் தராசு திறந்த பகிர்வின் பக்கமே சாய்கிறது. ஆனால் எதைத் திறப்பது என்பதில் ஒரு கோடு உண்டு. ஒரு வகைப் பூட்டு எப்படி இயங்குகிறது, எங்கே தோற்கிறது என்பது வாங்குபவர் எல்லாருக்கும் உரிய அறிவு. ஒரு குறிப்பிட்ட சாவியின் வெட்டுகள் எத்தனை ஆழம் என்பதோ அந்தச் சாவிக்குரியவரின் சொந்த ரகசியம். 1883இல் ராணுவச் சங்கேதங்களைப் பற்றி எழுதிய கெர்க்காஃப்ஸும் இந்த இடத்தில்தான் கோடு போட்டார்: முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு வரக்கூடாது, மறைக்க வேண்டியது திறவுகோல் மட்டுமே. அமெரிக்க விமான நிலையச் சோதனையாளர்கள் பயணிகளின் பெட்டிகளைத் திறக்க வைத்திருக்கும் மாஸ்டர் சாவிகளின் புகைப்படம் ஒரு நாளிதழில் வெளியானதும், 2015இல் அதைப் பார்த்தே முப்பரிமாண அச்சில் சாவி வார்க்கும் கோப்புகள் பரவியதும் இந்தக் கோட்டைத் தாண்டிய செயல்கள். கோடிக்கணக்கான பெட்டிகளுக்கு ஒரு சில சாவிகளே போதும் என்று வடிவமைத்தவர்களின் பிழை தனிக் கணக்கு.

கட்டுப்பாட்டுக்கு நான் மனமாரத் தருவது, வெளியிடுமுன் குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளருக்கு ஒரு கால அவகாசம். கார்களில் திருட்டுத் தடுப்புக்காகப் பொருத்தப்பட்ட ஒரு மின்னணுச் சில்லின் குறையைப் பிர்மிங்காம், நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தபோது, ஃபோக்ஸ்வாகன் தரப்பின் கோரிக்கையின் பேரில் 2013இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் கட்டுரையை வெளியிடத் தடை விதித்தது. நீண்ட பேச்சுக்குப் பின் 2015இல் கட்டுரை வெளிவந்தபோது, அதிலிருந்து நீக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு வாக்கியம்.