மேசைமேல் வைத்து விற்ற வீடியோ போன்: புதுச்சேரி, கடலூர் அலுவலகத்தார் கவனத்திற்கு

புதுச்சேரியில் சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். கடந்த ஆடி மாதம் கடலூரிலுள்ள ஒரு கடையில், அலுவலக மேசையில் வைத்துப் பயன்படுத்தும் வீடியோ போன் மூன்றை வரியுடன் சேர்த்து 69,030 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எந்த வேலைக்காக வாங்கினேனோ அந்த வேலைக்கு அவற்றில் ஒன்றுகூட உதவவில்லை. அவை புதியவையும் அல்ல என்பது ஆறாவது வாரத்தில்தான் தெரிய வந்தது. வழக்கறிஞர் கேட்டுக்கொண்டபடி கடையின் பெயரையும் கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. தயாரித்தவர்கள்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. செய்யாத வேலையைச் செய்யும் என்று சொல்லி விற்றவர் வேறு.

எங்களிடம் வருபவை பெரும்பாலும் பழைய பிரெஞ்சு ஆவணங்கள். புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாத்தா பாட்டியின் பிறப்பு, திருமணப் பதிவு நகல்களோடு வருவார்கள். அந்தக் காலத்து எழுத்தரின் கையெழுத்தைத் தடுமாறாமல் வாசிக்கக்கூடியவர் எங்களிடம் ஒருவர்தான் இருக்கிறார். எழுபத்தாறு வயதான அவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறார், மூட்டுவலியால் பேருந்து ஏறி வர இயலாது. கைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் அவர் அதைத் திறந்து பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். ரிசீவரை எடுத்தால் மணி அடிக்க வேண்டும், தாளைக் காட்டினால் அவருக்குத் தெரிய வேண்டும், "இந்தப் பெயர் தகப்பனாரா, சாட்சியா?" என்று அவர் கேட்டால் எதிரில் இருப்பவர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் வீடியோ போன் வாங்க நினைத்தேன்.

இந்தத் தேவையைக் கடைக்காரருக்கு வாட்ஸாப்பில் எழுதியே அனுப்பினேன். "பழைய கையெழுத்து ஆவணத்தை இங்கிருந்து காட்டினால் அங்கே படிக்க முடிய வேண்டும்" என்பது அதிலிருந்த வரி; பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்தக் கட்டைவிரல்தான் இன்று எங்களிடமுள்ள வலுவான சான்று என்று வழக்கறிஞர் சொல்கிறார்.

கடையில் காட்டிய செயல்விளக்கத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் அதுதான். இரண்டு கருவிகள் ஒரே மேசைமேல், நான்கடி இடைவெளியில், ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அழைத்தார். படம் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் இருந்தது. "பேப்பரைக் காட்டினா எழுத்து தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும் சார், எச்டி சார்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி ஒரு கை தூரத்தில் பிடித்தார். பெட்டியின் மேலிருந்த எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம் இருந்தது. அதைப் படித்துவிட்டுத் தலையாட்டியவன் நான்தான். அந்த மேசையில் இணையம் இல்லை, ரௌட்டர் இல்லை, வேறு ஊர் இல்லை. அங்கே எந்த வீடியோ போனாக இருந்தாலும் படம் அப்படித்தான் தெரியும். ஆடித் தள்ளுபடி போக ஒன்று 19,500 ரூபாய் என்றார்.

கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு அங்குலத் தொடுதிரை, அதன் இடப்பக்கம் சுருள்வடம் தொங்கும் வழக்கமான ரிசீவர், திரையின் மேல்விளிம்பில் ஒரு சிறு கேமரா. கேமராவை மூட ஒரு தகடு இருக்கிறது. விரல்நுனியால் தள்ளினால் 'டிக்' என்று மூடிக்கொள்ளும். ரிசீவரில் குரல் மிகத் தெளிவு. கைபேசியில் காது கேட்காத பெரியவருக்கே இதில் கேட்டது. கணினி பழக்கம் இல்லாதவர்கள் ஒரே பொத்தானில் அழைக்கலாம். இரண்டு அறைகளுக்கு இடையே முகம் பார்த்துப் பேசுவது மட்டும்தான் தேவை என்றால் இது நல்ல சாமான்தான்.

பொருத்திய முதல் நாளே கருவி தானாக அணைந்து அணைந்து எரிந்தது. பேசும்வரை ஒன்றும் ஆகாது, கேமராவைத் திறந்து வீடியோவுக்கு மாற்றியதும் திரை இருண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "உங்க நெட் லைன் சரியில்ல சார்" என்றார் கடைக்காரர். எங்கள் ஃபைபர் இணைப்பில் மேலேற்றும் வேகம் முப்பது எம்பிபிஎஸ். இந்தக் கருவி தரும் 720பி தர வீடியோ அழைப்புக்குப் பொதுவாக ஒவ்வொரு திசைக்கும் ஒன்று முதல் இரண்டு எம்பிபிஎஸ் இருந்தால் போதும். அதோடு, இணையம் மந்தமானால் படம் சிதறும், உறையும், கருவி அணையாது. எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கருவியைக் கவிழ்த்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அடியிலிருந்த சீட்டில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருந்தது. கடைக்காரர் கொடுத்த அடாப்டரில் 12 வோல்ட், 0.5 ஆம்பியர். அதாவது பதினெட்டு வாட் வரை கேட்கக்கூடிய கருவிக்கு ஆறு வாட். கடையில் அவர் அடாப்டரே பயன்படுத்தவில்லை. லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பிஓஇ சுவிட்சில் இணைத்திருந்தார், அதில் ஒவ்வொரு முனையிலும் 15.4 வாட் வரை கிடைக்கும். எங்கள் அலுவலகத்தில் அப்படிப்பட்ட சுவிட்ச் இல்லை என்பது அளவெடுக்க வந்தபோதே அவருக்குத் தெரியும். அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் முத்திரையும் இல்லை, 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லை. எண் இருந்திருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு உண்மையா என்று பார்த்திருக்கலாம். சரியான அடாப்டர்கள் மூன்றை நானே தனியாக வாங்கினேன்.

அடுத்து குரல். ஒரு கருவியைத் திருப்பாதிரிப்புலியூரில் பெரியவர் வீட்டில் வைத்து அழைத்தோம். மணி அடித்தது, முகம் வந்தது, அவர் பேசியதெல்லாம் எங்களுக்குக் கேட்டது. நாங்கள் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. "தம்பி, ஊமைப்படம் ஓட்டுறியா?" என்று கேட்டார். இந்தக் கருவிகள் இணையம் வழியே அழைப்பு நடத்தும் எஸ்.ஐ.பி. என்ற முறையில் இயங்குகின்றன. அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு வழியாகப் போகும், குரலும் படமும் தனித்தனி ஓட்டங்களாக வேறு வழியில் போகும். பல ரௌட்டர்களில் 'எஸ்.ஐ.பி. ஏஎல்ஜி' என்றொரு வசதி உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அந்த ஓட்டங்கள் போய்ச்சேர வேண்டிய முகவரிகளை மாற்றிவிடும். ஒருபக்கக் குரலுக்கு அது வழக்கமான காரணம். அதை அணைத்ததும் சரியாயிற்று. அணைத்தவர் எங்கள் தம்பி. அதற்கு முன்பே இரண்டு முறை வந்துபோன கடை ஆட்கள் 'விசிட் சார்ஜ்' என்று வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. பதிவு நகல் ஒன்றைக் கேமராவுக்கு எதிரே பிடித்தேன். மங்கலாகத் தெரிந்தது. கிட்டே கொண்டுபோனால் இன்னும் மங்கியது, எட்டப் பிடித்தால் வரிகள் எறும்பு ஊர்வதுபோல் ஆயின. கேமரா, மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்துக்காகக் குவியம் நிலைநிறுத்தப்பட்டது. கிட்டத்திலுள்ள தாளுக்கு அது நகராது. குவியம் சரியாக இருந்தாலும் கணக்கு உதைக்கும். 720பி என்றால் படத்தின் உயரம் 720 புள்ளிகள். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். முழுத்தாளும் படத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2.4 புள்ளிகள்தான் கிடைக்கும். இரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்துக்கு ஐந்து புள்ளிகள். சாதாரண ஸ்கேனரில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள், வைத்தால் அதே எழுத்துக்கு ஏறத்தாழ இருபத்துநான்கு புள்ளிகள் கிடைக்கும். நூறாண்டுப் பழைய, மை மங்கிய, சாய்ந்த பிரெஞ்சுக் கையெழுத்தை ஐந்து புள்ளிகளில் படிக்கச் சொல்வது எந்தப் பண்டிதருக்கும் நியாயமில்லை. பெரியவர் அரைமணி நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "வேண்டாம், ஜெராக்ஸ் எடுத்து யாரிடமாவது கொடுத்து அனுப்பு" என்றார். இந்தக் கணக்கைப் போட எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. வாங்குவதற்கு முன்பே போட்டிருக்கலாம்.

"எந்த செல்லுக்கும் வீடியோ போகும்" என்று கடைக்காரர் சொன்னதையும் நம்பினேன். எங்கள் வாடிக்கையாளர்களின் உறவினர் பலர் பிரான்சில் இருக்கிறார்கள். அங்கே நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பிந்திய நேரம் என்பதால், மாலையில் மேசையிலிருந்தே அழைக்கலாம் என்று நினைத்தேன். எஸ்.ஐ.பி. கருவி இன்னொரு எஸ்.ஐ.பி. கணக்கைத்தான் அழைக்கும். வாட்ஸாப் தனக்கென்று தனி முறை வைத்திருக்கிறது. பாரிஸில் இருப்பவரின் கைபேசியிலுள்ள வாட்ஸாப்புக்கு இந்தக் கருவி தானாக வீடியோ அனுப்பாது. உள்ளே பழைய ஆண்ட்ராய்டு, பிளே ஸ்டோர் கிடையாது. கடை ஆள் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றிய ஒரு செயலி மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் புதுப்பிக்கச் சொல்லி நின்றுவிட்டது. எங்கள் மூன்று எஸ்.ஐ.பி. கணக்குகளைக்கூட ஏதோ ஓர் இலவசச் சேவையில் தன் மின்னஞ்சலைக் கொடுத்துத் திறந்திருந்தார். கடவுச்சொல் இன்றுவரை எங்களுக்கு வரவில்லை.

கருவிகள் பழையவை என்பது தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. நிர்வாகக் கடவுச்சொல்லும் தெரியாததால் தம்பி ஒரு கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்தார். அது மீண்டும் எழுந்தபோது திரையில் வேறு ஒரு நிறுவனத்தின் சின்னமும் நான்கு இலக்க எக்ஸ்டென்ஷன் எண்ணும் 'வரவேற்பறை' என்ற பெயரும் ஆங்கிலத்தில் வந்து நின்றன. ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்றொரு தனி எண் உண்டு. அலுவலகங்கள் மொத்தமாக வாங்கும்போது அந்த எண்களைத் தயாரிப்பாளரின் சர்வரில் தங்கள் பெயரில் பதிந்துவைப்பார்கள். ரீசெட் ஆன கருவி இணையத்தைத் தொட்டதும் அந்த சர்வரைக் கேட்டு, பழைய முதலாளியின் அமைப்புகளையே திரும்ப இழுத்துக்கொள்ளும். அவர்கள் விடுவிக்கும்வரை எத்தனை முறை அழித்தாலும் அதே கதைதான். பிறகு பெட்டிகளை எடுத்துப் பார்த்தோம். மூன்றில் இரண்டு பெட்டிகளின் மேலிருந்த மேக் எண்ணும் உள்ளே இருந்த கருவியின் அடிச்சீட்டு எண்ணும் வேறுவேறு. தயாரிப்பாளரின் இணையதளத்தில் வரிசை எண்ணைப் போட்டபோது மூன்றுக்குமே வாரண்டி முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. திரைமேல் ஒட்டியிருந்த புத்தம்புது மெல்லிய உறையைப் பார்த்துப் புதுப்பொருள் என்று நினைத்தேன். அது கடையில் ஒட்டியது.

பில்லிலும் ஒரு வில்லங்கம். கடையின் ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்குரிய 33 என்று தொடங்குவது, எங்களுடையது புதுச்சேரிக்குரிய 34. தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுவந்து கொடுத்த சரக்குக்கு, மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டி போட்டிருக்க வேண்டும். அவர் ஒரே மாநிலத்துக்குள் விற்றதுபோல் சிஜிஎஸ்டி 5,265, எஸ்ஜிஎஸ்டி 5,265 என்று பிரித்துப் போட்டிருந்தார். அந்த 10,530 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுத்து, நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். பில்லைத் திருத்தித் தரச் சொல்லி நான்கு முறை கேட்டாயிற்று.

நுகர்வோர் நீதிமன்றம் என்று நான் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். "கமர்ஷியல் யூஸ் சார், அங்க போக முடியாது." பாதி உண்மை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்ற சொல்லிலிருந்து விலக்குகிறது. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவருக்கு அதே பிரிவில் இடம் விட்டிருக்கிறது. இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்துள்ள என்னைப் போன்றவர் அந்த இடத்துக்குள் வருவாரா என்பதை நுகர்வோர் ஆணையம்தான் சொல்ல வேண்டும். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதுவும் மூடினால் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது: எதற்காக வாங்குகிறேன் என்பதை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய தொழிலறிவை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. அங்கே வணிகப் பயன்பாடா, வீட்டுப் பயன்பாடா என்ற கேள்வி இல்லை. நான் அனுப்பிய வாட்ஸாப் செய்தியும் அந்தக் கட்டைவிரலும் அந்த இடத்தில்தான் உதவும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். வழக்கறிஞர் வழியாக அறிவிப்பும் போய்ச் சேர்ந்துவிட்டது. இதே வகைக் கருவியை யாராவது வாங்கப்போவதாக இருந்தால், கடை மேசையில் காட்டுவதைப் பார்த்துப் பணம் கொடுக்காமல், ஒரு கருவியை உங்கள் அலுவலகத்திலும் மற்றொன்றை நீங்கள் அழைக்கப்போகும் ஊரிலும் வைத்து இரண்டு நாள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்போது உங்கள் சொந்தத் தாளைக் காட்டுங்கள், உங்கள் கண்முன்னே ஒருமுறை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பெட்டி எண்ணையும் அடிச்சீட்டு எண்ணையும் ஒப்பிட அரை நிமிடம்கூட ஆகாது.

அறிவிப்பு கிடைத்த மறுநாள் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, பிரச்சினை வேண்டாம் சார், திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். எவ்வளவுக்கு என்று கேட்டேன். ஒன்றுக்கு நாலாயிரம். ஏன் இவ்வளவு குறைவு என்றதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "யூஸ் பண்ண பீஸ் தானே சார்."