ரிச்சி தெரு ஆம்ப்ளிஃபையரும் வெளிநாட்டு ரிசீவரும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் பல ஆண்டுகளாக அருகருகே இருக்கின்றன. ஒன்று, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் சொல்லிச் செய்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். மற்றது, வெளிநாட்டில் தயாரான ஹோம் தியேட்டர் ரிசீவர். பாட்டுக் கேட்க இன்று நான் போடுவது ரிச்சி தெருப் பெட்டியைத்தான்.

வாங்கிய புதிதில் ரிசீவர்தான் உசத்தி. இரைச்சல் என்பதே அதில் கிடையாது. உள்ளூர்ப் பெட்டியிலோ, ஆலாபனைக்கு முன் தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் ‘ம்ம்’ என்ற முனகல் கேட்கும். செய்தவரிடமே எடுத்துப் போனேன். மூடியைக் கழற்றியவர், சேஸிஸில், அதாவது பெட்டியின் உலோகச் சட்டத்தில், ஆங்காங்கே பற்றவைத்திருந்த கிரவுண்டு வயர்களை எல்லாம் எடுத்து, மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களுக்கு நடுவே ஒரே புள்ளியில் சேர்த்தார். இன்புட் வயரை டிரான்ஸ்ஃபார்மரை விட்டு விலக்கி மறு ஓரமாகக் கொண்டுபோனார். 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்த இடத்தில் 10,000 கொண்ட பெரியதைப் போட்டார். முனகல் அடங்கியது, தம்பூராவின் நான்கு தந்திகளும் பிரிந்து கேட்டன. செலவு சொற்பம். வால்யூம் கரகரத்தபோதும் அதே மேஜையில், நான் டீ குடித்து வருவதற்குள் மாற்றிக் கொடுத்தார்.

ரிசீவர் ஒரு மழைக்காலத்தில் படுத்துவிட்டது. ஒலிக்கு ஒன்றும் ஆகவில்லை. படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் எச்டிஎம்ஐ இணைப்புகள் மட்டும் போய்விட்டன. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். மாடல் நின்றுவிட்டதாம், போர்டு கிடைப்பது நிச்சயமில்லையாம். கேட்ட தொகையோ புதுப் பெட்டி விலையில் பாதிக்கு மேல். வெளியே இருக்கும் மெக்கானிக்குகள் அந்தப் பொடிச் சிப்புகளைத் தொடவே தயங்கினார்கள். ஆம்ப்ளிஃபையர் பகுதி குறையின்றி இருக்கும் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. டிவியின் ஒலியை ஆப்டிகல் கேபிள் வழியாகக் கொடுத்து, படம் பார்க்க மட்டும் அதை வைத்திருக்கிறேன். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபருமாக வரும் 5.1 ஒலிக்கு அதற்கு ஈடாக உள்ளூரில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

உள்ளூர்ப் பெட்டிக்குள்ளும் எல்லாம் உள்ளூர்ச் சரக்கு இல்லை. ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஜப்பானின் தோஷிபா வடிவமைத்த 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியதும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் துளை போட்டதும், எல்லாவற்றையும் பூட்டியதும் இங்கே. பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் இங்கேயே இருக்கிறார் என்பதற்காகத்தான் அதற்குப் பணம் கொடுக்கலாம் என்கிறேன்.

வாங்குகிறவர்கள் சிலவற்றைக் கறாராகக் கேட்க வேண்டும். இந்த டிரான்சிஸ்டர்களில் போலிகள் ஏராளம். லோடு ஏறினால் வெடித்துவிடும். அலுமினியம் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்; தாமிரச் சுற்று என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பிஎம்பிஓ (கணநேர உச்சம்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பாமல், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்) எவ்வளவு என்று கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே அரை மணி நேரம் சத்தமாக ஓடவிட்டு, ஹீட்சிங்கில் கை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.