டோங்காட் பக்கத்துப் பண்ணையில் வருஷக்கணக்காகக் காய்கறி வாங்கும் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் கீரைக்கும் பீன்ஸுக்கும் சூப்பர்மார்க்கெட் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. பல வருஷமாக ஒரே குடும்பப் பண்ணையில் வாங்குகிறேன், அந்த நம்பிக்கையில்தான் சொல்கிறேன்.

1860-இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்ததில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலர் ஒப்பந்தம் முடிந்ததும் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். இந்தக் குடும்பமும் அப்படித்தான். முதலில் உம்கேனி ஆற்றோரம் இருந்தார்களாம், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த நிலம் போய்விட்டது, இங்கே வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போது ஆயா, அவர் மகன், பேரன், பேத்தி எல்லாரும் நிலத்தில் இறங்குகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது, ஆயாவுக்கு நன்றாகவே வரும்.

எனக்குப் பிடித்தது ஆயா விற்கும் விதம். ஒரு தடவை பீன்ஸ் கூடையில் கை வைத்தேன், "அத எடுக்காத ம்மா, நேத்து மழை பட்டது, வாரம் பூரா தாங்காது, மடும்பி எடுத்துட்டுப் போ" என்றார். மடும்பி என்றால் இங்கே சேப்பங்கிழங்கு. மண் ஒட்டிய கிழங்கில் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி, உள்ளே வெள்ளையாக இருப்பதைக் காட்டினார். தன் சரக்கையே வாங்காதே என்று சொல்கிற கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பூச்சிமருந்து பற்றிக் கேட்டாலும் ஆயாவின் மகன், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், மழுப்ப மாட்டார். பூச்சி வந்தால் அடிப்போம், அடித்த பாத்தியில் மருந்து டப்பாவில் போட்டிருக்கும் நாள் முடியும்வரை அறுக்க மாட்டோம் என்று பாத்தியைக் கை காட்டியே சொல்வார். இயற்கை விவசாயம் என்று பலகை மாட்டுவதைவிட எனக்கு இந்தப் பதில் போதும்.

அப்புறம் கீரை. காலையில் அறுத்தது மதியம் சட்டிக்குப் போகிறது. கடையில் பிளாஸ்டிக் பையில் வாங்கிய கீரை ரெண்டாம் நாளே வழுவழுப்பாகி நாற்றம் எடுத்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. தூரமும் காரணம்தானே, ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து லாரியில் வருவதென்றால் ஏறக்குறைய 570 கிலோமீட்டர்.

2021 ஜூலைக் கலவரத்தில் இதன் அருமை நன்றாகத் தெரிந்தது. கடைகள் சூறையாடப்பட்டு, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரும் என்3 நெடுஞ்சாலை மூடி, ரொட்டிக்கே நீள வரிசை நின்ற அந்த வாரம் எங்கள் தெருவுக்குக் கீரையும் முட்டைகோஸும் இந்தப் பண்ணையிலிருந்துதான் வந்தது, விலையும் ஏற்றவில்லை. அடுத்த ஏப்ரலில் வெள்ளம் வந்து ஆற்றோரப் பாத்தி முழுக்க அடித்துக்கொண்டு போனபோது, தெருக்காரர்கள் சேர்ந்து வரப்போகும் குளிர்கால விளைச்சலுக்கு முன்பணம் கொடுத்தோம். விதையும் நாற்றும் அதில் வாங்கினார்கள். பெரிய கடையோடு இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்குமா?

குறைகளும் இருக்கின்றன. இங்கே கோடைகாலமான ஜனவரி, பிப்ரவரி வெயிலிலும் மழையிலும் கீரை சரியாக வராது, தைப்பூச விரதத்துக்கு வேண்டியது கிடைக்காமல் போவதுண்டு. வெந்தயக்கீரைக்கு ஜூன் வரை காத்திருக்க வேண்டும். உருளை, வெங்காயம் இவர்கள் போடுவதில்லை, அதற்குக் கடைதான். தக்காளி ஒன்று பெரிசு ஒன்று சிறிசு. கார்டு வாங்க மாட்டார்கள், எட்டு மணிக்கு மேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும்.

பண்ணைக்குப் போக வண்டி இல்லாதவர்களுக்கு டர்பன் நகரத்தில் வார்விக் காலைச் சந்தை இருக்கிறது. 2009-இல் அதை இடித்து மால் கட்டப் பார்த்தார்கள், வியாபாரிகள் போராடிக் காப்பாற்றினார்கள். அங்கே போனால் "இது எந்த ஊர் விளைச்சல், எப்ப அறுத்தது?" என்று கேட்டு வாங்குங்கள், சொந்தத் தோட்டத்துக்காரர் என்றால் உடனே பதில் வரும்.