கியோட்டோவில் ராமென்: ஷின்புகுவா, அசாஹியா?

கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே ஐந்தாறு நிமிடம் நடந்தால் ஷின்புகு சாய்கான், ஹோன்கே தாய்இச்சி அசாஹி என்ற இரண்டு ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) கடைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன.

1938இல் தள்ளுவண்டியாகத் தொடங்கிய ஷின்புகுவின் சூப் கன்னங்கரேலென்று இருக்கும். காரணம் சோயா சாஸ். ஆனால் நிறம் மிரட்டுகிற அளவுக்கு உப்புக் கரிக்காது. அங்கே கரும்பழுப்பாக வறுத்துத் தரும் சோற்றைத் தவறவிடாதீர்கள். ராமெனோடு ஒரு முழுத் தட்டு ஒருவருக்கு அதிகம், இருவர் பகிரலாம்.

அசாஹியின் சூப் தெளிவானது, பன்றி எலும்பின் சாறு. மெல்லிய இறைச்சித் துண்டுகள்மேல் குஜோ என்ற கியோட்டோ வகை வெங்காயத்தாளைக் குவித்துத் தருவார்கள். படம் எடுத்துக்கொண்டே இருந்தால் நூடுல்ஸ் ஊறிக் குழைந்துவிடும், வந்ததும் சாப்பிடுங்கள். (இரண்டிலும் சைவர்களுக்கு வழியில்லை.)

அதிகாலையில் இறங்குபவர்களுக்கு என் தேர்வு அசாஹி. சீக்கிரமே திறக்கும், நிலையத்துக்கு வடக்கே ஹிகாஷி ஹொங்கான்ஜி கோயிலும் அப்படித்தான், கட்டணமும் இல்லை. 1895இல் முடிந்த அதன் பெருமண்டபத்துக்கு உத்தரம் தூக்கச் சாதாரணக் கயிறுகள் அறுந்துபோக, பக்தைகள் தந்த தலைமுடியைத் திரித்துக் கயிறாக்கினார்கள். ஒன்று இன்றும் காட்சிக்கு இருக்கிறது.

மதியம் என்றால் ஷின்புகு. பிறகு காமோ ஆற்றைக் கடந்து சஞ்சூசங்கெந்தோ என்ற பௌத்தக் கோயிலுக்கு நடங்கள்: 120 மீட்டர் மண்டபம், கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 1,001 சிலைகள். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை.